மூக்களக்கும் படிப்பும் மொய் நோட்டும்

பி.காம். முடித்த மறுமாதம், "அப்பா, எம்.ஏ. மானிடவியல் படிக்கப் போறேன்" என்றாள் என் மகள். வெளிமாநிலப் பல்கலைக்கழகம். ஹாஸ்டல், சாப்பாடு, லேப்டாப், களப்பணிக்குப் போகிற ரயில் டிக்கெட் எல்லாம் சேர்த்து இரண்டு வருஷத்துக்கு 4 லட்சம் என்று ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தாள். மானிடவியல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. 4 லட்சம் என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும். பேராவூரணிப் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறவன் நான்.

"மனுஷங்க எப்படிச் சேர்ந்து வாழறாங்கன்னு படிக்கிறதுப்பா."

"அதைத்தான் உங்க அத்தை திண்ணையில உக்காந்து காலையிலேருந்து ஓசியிலயே படிக்கிறாளே!"

விஷயம் மச்சான் காதுக்குப் போனது. அவர் எதற்கும் ஒரே கேள்விதான் கேட்பார்: "படிச்சா என்ன வேலை?" அவரிடம் போய் இவள் எட்கர் தர்ஸ்டன் கதையைச் சொல்லியிருக்கக் கூடாது. சென்னை அருங்காட்சியகத்துக்கு அதிகாரியாக இருந்த வெள்ளைக்காரர். இடுக்கி மாதிரி ஒரு கருவியை வைத்துக்கொண்டு அகப்பட்டவர்கள் மூக்கையெல்லாம் அளந்தவர். 1909-இல் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதி வெளியிட்டார்.

"மூக்களக்க 4 லட்சமா?" என்று தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார் மச்சான்.

அந்தக் கூத்தெல்லாம் எப்போதோ ஒழிந்துவிட்டது, மூக்கை வைத்து மனிதர்களைத் தரம் பிரித்தது தப்பு என்று இப்போது வகுப்பிலேயே சொல்லித்தருகிறார்கள் என்று அவள் விளக்கினாள். யார் கேட்டார்கள்? கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மானிடவியல் ஆய்வகம் 1945 முதல் இருக்கிறது என்றாள். வீட்டுக்குள் ஜனங்கள் கம்ப்யூட்டரை என்ன பாடு படுத்துகிறார்கள் என்று பார்த்துச் சொல்ல, ஜெனிவீவ் பெல் என்ற மானிடவியல் அம்மாளை இன்டெல் கம்பெனி 1998-இல் வேலைக்கு எடுத்தது என்றாள். ஐ.ஏ.எஸ். தேர்வில் இதை விருப்பப் பாடமாக எடுக்கலாம், 500 மார்க் என்றும் சொல்லிவைத்தாள். என் மனைவிக்கு அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் கேட்டது. மறுநாளே தெருவில் கலெக்டர் அம்மாவாக நடமாட ஆரம்பித்துவிட்டாள். "நான் அந்தப் பரீட்சை எழுதப் போறதில்லைம்மா" என்று மகள் சொன்னதைத் தெருவில் யாரும் நம்பவில்லை.

வங்கிக்குப் போனோம். எந்த வங்கி என்பது வேண்டாம், நாளைக்கும் நான் அங்கே போய் நிற்க வேண்டியவன். மேனேஜர் கம்ப்யூட்டரில் படிப்பின் பெயரைத் தேடினார். பொறியியல், மருத்துவம், நர்சிங் எல்லாம் வந்தது, இது வரவில்லை. "மற்றவை" என்று தட்டினார். "ஆரம்பச் சம்பளம் எவ்வளவு வரும் சார்?" என்றார். உர மூட்டை என்றால் விலை சொல்லியிருப்பேன்.

4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்பதில்லை, அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதுமாம். அதாவது ஜாமீன் நான்தான். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி அதுவரை சும்மா இருக்காது. அதைக்கூட விடுங்கள். அசல் 4 லட்சத்துக்கு மட்டும் 10 சதவீத வட்டி, 10 வருஷம் என்று கணக்குப் போட்டால் மாதம் 5,286 ரூபாய். மொத்தம் 6 லட்சத்து 34 ஆயிரத்துச் சொச்சம். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் இதைப் போட்டுவிட்டு, சம்பளம் என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். கேள்விக்குறியிலிருந்து 5,286-ஐக் கழித்தால் என்ன வரும் என்று பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லித்தரவில்லை.

"கடன் வாங்கி இந்தப் படிப்பு வேணுமாம்மா? நம்ம குடும்பத்துல யாரும் கடன்காரனா இருந்ததில்ல" என்றேன் ராத்திரி.

அவள் எழுந்து போய், பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியிலிருந்த மொய் நோட்டை எடுத்து வந்தாள்.

எங்கள் பக்கத்தில் மொய் விருந்து தெரியாதவர் கிடையாது. ஆடி, ஆவணியில் பந்தல் போட்டு, பத்துப் பேர் சேர்ந்து ஒரே பத்திரிகை அடித்து, ஆட்டுக்கறி போட்டு மொய் வாங்குவோம். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. வாங்கியதற்குக் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். செய்யாதவன் பெயரை ஊர் பேசும் பேச்சுக்கு ஜப்தி நோட்டீஸ் எவ்வளவோ மேல்.

"பாத்தீங்களா, 61 வீட்டுக்கு நீங்க கடன்காரர். 48 வீடு உங்களுக்குக் கடன்காரங்க" என்றாள். அன்பளிப்பைக் கொடுத்தாக வேண்டும், வாங்கியாக வேண்டும், திருப்பியாக வேண்டும் என்று மார்செல் மௌஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1925-லேயே எழுதிவிட்டாராம். டேவிட் கிரேபர் என்ற மானிடவியல்காரர் கடனின் 5,000 வருஷ வரலாற்றையே 2011-இல் புத்தகமாகப் போட்டாராம். "இதைத்தான்பா நான் படிக்கப் போறேன்."

எனக்குச் சுருக்கென்றது. அந்த நோட்டை இருபது வருஷமாக நான் கூட்டிக் கழித்துத்தான் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் படித்ததில்லை. அது போகட்டும். அந்த 48 வீட்டில் மச்சான் வீடும் ஒன்று. 2019-இல் செய்த 5,000 இன்னும் வரவில்லை.

பாதிப் பணத்துக்கு வங்கியில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மீதிக்கு வருகிற ஆவணியில் எங்கள் வீட்டு மொய் விருந்து. ஆட்டுக்கறிதான். பழைய பாக்கி உள்ளவர்கள் தவறாமல் வந்துவிடுங்கள். நோட்டு இப்போது என் மகள் கையில் இருக்கிறது.