முழு விடையா, முதல் படியா?

கேள்வி: மாணவர்களின் வீட்டுப்பாடக் கேள்விக்கு இணையத்தில் முழு விடையையும் எழுதிக் கொடுப்பது சரியா?
– வாசகி, ஆவடி

பதில்: எடுத்த எடுப்பில் கொடுக்க வேண்டாம். கோனார் உரை தலைமுறை தலைமுறையாக இருக்கிறதே, அதனால் யார் கெட்டார்கள் என்பீர்கள். நியாயம்தான். ஆனால் உரைநூலில் விடையைத் தேடவாவது பக்கத்தைப் புரட்ட வேண்டும். இணையத்தில் கேள்வியைப் படம் பிடித்தால் போதும், அதைப் படிக்கக்கூட வேண்டாம். அதற்குப் பதிலாக, கூட்டினால் 5, பெருக்கினால் 6 வரும் இரண்டு எண்கள் எவை என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். 2, 3 என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கும்போது காரணிப்படுத்தல் பிடிபட்டுவிடும். விடையை நாமே சொன்னால் நோட்டு நிறையும், தலை நிறையாது. தமிழ்நாட்டில் 2018 முதல் புதிய பாடநூல்கள் வந்த பிறகு, பொதுத்தேர்வில் பாடத்தின் பின்பக்க வினாக்களைத் தாண்டியும் கேட்கிறார்கள். மனப்பாட விடை அங்கே கைகொடுக்காது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடித்து வரும் பெற்றோருக்குச் சொல்லித்தர நேரம் ஏது, டியூஷனுக்குப் பணம் ஏது என்பது வலுவான ஆட்சேபம். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் வழிகாட்டல் அதிகம் தேவை. பிள்ளை கேட்ட கணக்கைப் போன்ற வேறொரு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுங்கள். தன் கணக்கைப் பிள்ளையே போடட்டும். முயன்று தவறிவிட்டு வந்து கேட்டால், எங்கே சறுக்கியது என்று காட்டி, முழு விடையையும் தாராளமாகக் கொடுங்கள்.