தந்தி ஆபீஸ் தலைக்கனம்

சாமுவேல் மோர்ஸ் என்றதும் வெள்ளைத் தாடியும் மார்பு நிறைய மெடலுமாக ஒரு மகான் மனசில் வருவார். மனுஷன் அடிப்படையில் ஓவியர். பெரிய புள்ளிகளை உட்காரவைத்து போர்ட்ரெயிட் வரைந்தவர். வரைகிறவர் புத்தி வேறெப்படிப் போகும்? கம்பியில் வருகிற புள்ளியையும் கோட்டையும் மெஷின் காகித நாடாவில் பதிக்க வேண்டும், ஆபரேட்டர் அதைப் பார்த்துப் படிக்க வேண்டும், இதுதான் அவர் திட்டம். காதுக்கு அதில் வேலையே கிடையாது.

ஆனால் மெஷின் முன்னால் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. நாடாவை உருவி உருவி யார் படிப்பது? 'டிக்... டிக்டிக்' சத்தத்திலேயே சேதி புரிகிறதே! பிட்ஸ்பர்கில் அப்படிக் காதாலேயே கற்றுக்கொண்ட ஒரு தந்திப் பையன் பெயர் ஆண்ட்ரூ கார்னெகி. ஆமாம், பின்னாளில் எஃகுச் சக்கரவர்த்தியான அதே கார்னெகிதான். 'காதை நம்பாதே, நாடாவைப் பார்' என்று மேலதிகாரிகள் கண்டித்தார்கள். எல்லா டிக் டிக்கும் விழுந்த அந்தக் காதுகளில் அது மட்டும் விழவில்லை.

காதால் கேட்க ஆரம்பித்ததும் ஒரு வினை வந்து சேர்ந்தது. நூறு மைலுக்கு அப்பால் தட்டுகிறவன் யார் என்று தாளத்தை வைத்தே சொல்ல முடிந்தது. அந்தத் தாளத்துக்கு 'ஃபிஸ்ட்' என்று பெயர் வைத்தார்கள். அப்புறமென்ன, யார் ஃபிஸ்ட் அழகு, யார் ஃபிஸ்ட் வேகம் என்ற போட்டிதான். கெட்டிக்காரன் 'லைட்னிங் ஸ்லிங்கர்', அதாவது மின்னலை வீசுகிறவன். தடுமாறுகிறவன் 'ப்ளக்', 'ஹாம்', 'லிட்'. நாலு எழுத்து தட்டத் தெரிந்ததும் மனுஷன் முதல் காரியமாகத் தனக்குக் கீழே ஒரு ஜாதியை உண்டாக்கிக்கொள்கிறான்!

புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு ராகிங் உண்டு. பரிபாஷையில் அதற்கு 'சால்ட்டிங்', உப்புப் போடுவது. எதிர்முனையில் ஒரு வேகப்பேயை உட்காரவைத்து, பாவம் புதியவன் எழுத முடியாமல் திணறுவதை எல்லோரும் சுற்றி நின்று ரசிப்பார்கள். 1868இல் பாஸ்டன் ஆபீசுக்கு அழுக்குச் சட்டையோடு ஒரு பட்டிக்காட்டான் வந்தான். நியூயார்க்கின் சூரப்புலியைப் பிடித்து அவனுக்கும் உப்புப் போட்டார்கள். புலி வேகத்தைக் கூட்டியது, எழுத்துகளை மென்று விழுங்கியது. பையன் சாவகாசமாக எழுதிக்கொண்டே இருந்தான். கடைசியில் தன் தந்திக் கீயைத் திறந்து ஒரே ஒரு சேதி அனுப்பினான். இந்தக் காலில் தட்டியது போதும் தம்பி, அடுத்த காலுக்கு மாறு என்று. பையன் பெயர் தாமஸ் ஆல்வா எடிசன். இந்தக் கதையை உலகத்துக்குச் சொன்னவர் பெயரும் தாமஸ் ஆல்வா எடிசன்தான்.

அதே எடிசனின் இன்னொரு சாகசமும் உண்டு. 1863இல் கனடாவின் ஸ்ட்ராட்ஃபோர்ட் ஜங்ஷனில் நைட் ஷிஃப்ட். தூங்கவில்லை என்று நிரூபிக்க மணிக்கொரு தடவை '6' என்று தட்டி அனுப்ப வேண்டும். பதினாறு வயது விஞ்ஞானி கடிகாரத்தோடு ஒரு சக்கரத்தைப் பொருத்தி, அதுவே '6' தட்டும்படி செய்துவிட்டுக் குறட்டை விட்டார். இன்றைக்கு ஒர்க் ஃப்ரம் ஹோமில் மவுஸை ஆட்டிவிடும் கருவி விற்கிறார்களே, அவர்களுக்கெல்லாம் பாட்டனார். '6' வந்த அடுத்த நொடி கூப்பிட்டாலும் ஆளைக் காணோமே என்று அதிகாரிக்குச் சந்தேகம் வந்து குட்டு உடைந்தது. இத்தனைக்குப் பிறகும் தந்திப் பித்து போகவில்லை. முதல் இரண்டு குழந்தைகளுக்கு அவர் வைத்த செல்லப் பெயர்கள் டாட், டேஷ்.

வேகப் போட்டியில் மணிக்கட்டு போய்விடும். தொழிலில் அதற்கு 'கண்ணாடிக் கை' என்று பெயர். ஹொரேஸ் மார்ட்டின் என்பவர் 1904இல் புள்ளிகளைத் தானே அடித்துத் தள்ளும் ஒரு கீயைக் கொண்டுவந்தார். அதன் செல்லப் பெயர் 'பக்', அதாவது பூச்சி. வலி குறைந்ததா? குறைந்தது. உடனே அந்தப் பூச்சியை வைத்துக்கொண்டு ஆளாளுக்கு ஒரு ஸ்டைல், 'லேக் ஈரி ஸ்விங்', 'பனானா போட் ஸ்விங்' என்று. கை பிழைத்தது, கேட்கிறவன் காது போனது!

சுருக்கச் சேதியாகத் தட்டிய எண்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம் வரும். 30 என்றால் 'முடிந்தது, வேறில்லை'. அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள் கட்டுரைக்கடியில் போட்டுவந்த 30 அதுவேதான். 88 என்றால் அன்பும் முத்தமும். எல்லாவற்றிலும் பரிதாபம் 73. 1857இல் அதற்கு அர்த்தம் 'என் காதல் உனக்கே'. இரண்டே வருஷத்தில் 'என் பாராட்டுகளை ஏற்றுக்கொள்ளவும்' ஆனது. அப்புறம் வெறும் 'வணக்கத்துடன்'. பல கல்யாணங்களுக்கு இதைவிடக் கொஞ்சம் கூடுதல் டைம் பிடிக்கும்.

கல்யாணம் என்றதும் நினைவுக்கு வருகிறது. கம்பிக்குப் பின் வந்த ரேடியோத் தந்தியில் ஆண் என்றால் வயசு பார்க்காமல் 'ஓ.எம்.', ஓல்டு மேன், கிழவன். பெண் எண்பது வயசுப் பாட்டியானாலும் 'ஒய்.எல்.', யங் லேடி. ஆஹா, என்ன மரியாதை என்று நெகிழ்ந்துவிடாதீர்கள். கட்டிய மனைவிக்கு அவர்கள் வைத்த பெயர் 'எக்ஸ்.ஒய்.எல்.', அதாவது மாஜி இளம்பெண்!

இந்தக் 'கிழவன்' ஒரு பெரிய துயரத்திலும் இருக்கிறான். 1912 ஏப்ரல் 14 ராத்திரி, கலிஃபோர்னியன் கப்பலின் ஆபரேட்டர் எவன்ஸ், 'கிழவா, பனிக்கட்டி சூழ்ந்து நின்றுவிட்டோம்' என்று டைட்டானிக்குக்குச் சொன்னார். பயணிகளின் சொந்தத் தந்திகளை அனுப்புவதில் மூழ்கியிருந்த டைட்டானிக் ஆபரேட்டர் ஜாக் பிலிப்ஸ், 'வாயை மூடு, வேலையாக இருக்கிறேன்' என்று பதில் போட்டார். எவன்ஸ் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தத் தொழிலில் அது சாதாரணப் பேச்சு. கொஞ்ச நேரம் கழித்து மெஷினை அணைத்துவிட்டுப் படுத்தார். கிழவனுக்கு வயது 25. கூப்பிட்டவருக்கு 20.

அன்றைக்கு டைட்டானிக் மூழ்கும்போது அனுப்பிய 'எஸ்.ஓ.எஸ்.' என்பதற்கு 'எங்கள் ஆன்மாக்களைக் காப்பாற்று' என்று பின்னால் வந்தவர்கள் உருக்கமாக விரிவுரை எழுதினார்கள். மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி. தட்டச் சுலபம், கேட்டால் மறக்காது. 1906இல் பெர்லினில் கூடிய அதிகாரிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆன்மாவைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

'ஹாம்' என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? வீட்டு மாடியில் ஆன்டெனா கட்டி வானலையில் புகுந்து குழப்பிய அமெச்சூர் பையன்களை, சம்பளம் வாங்கும் ஆபரேட்டர்கள் 'ஹாம் பயல்களா' என்று திட்டினார்கள். பையன்கள் அதை வாங்கிப் பட்டமாகக் குத்திக்கொண்டார்கள்! போதாததற்கு, ஹார்வர்டில் ஹைமன், ஆல்மி, மரே என்று மூன்று மாணவர்கள் இருந்தார்களாம், முதலெழுத்துகள் சேர்ந்து ஹாம் ஆனதாம். சுத்த ரீல். வசவுக்கு வம்சாவளி தேடிய வள்ளல்கள்.

அவர்கள் சிரிப்பையும் சொல்லியாக வேண்டும். நாலு புள்ளி, இரண்டு புள்ளி: 'ஹி ஹி'. நம் 'எல்.ஓ.எல்.'லுக்குத் தாத்தா. கராஜிலும் பேஸ்மென்ட்டிலும் உட்கார்ந்து ஹாம்கள் செய்த ஆஸ்கார் 1 என்ற குட்டிச் செயற்கைக்கோள், 1961 டிசம்பர் 12 அன்று அமெரிக்க விமானப்படை ராக்கெட்டில் எடை சரிக்கட்டும் பாரத்துக்குப் பதிலாக ஓசியில் தொற்றிக்கொண்டு விண்வெளிக்குப் போனது. உலகத்துக்கு என்ன சேதி அனுப்பியது தெரியுமா? 'ஹி'. மூன்று வாரம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. உள்ளே சூடு ஏறினால் வேகமாகச் சிரிக்கும், ஆறினால் நிதானமாகச் சிரிக்கும். அதை வைத்து வெப்பநிலையைக் கணக்கிட, 28 நாடுகளில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கிழவர்கள் கையில் வாட்ச்சோடு உட்கார்ந்து சிரிப்பை எண்ணினார்கள்.