பன்னிரண்டு தேறுமா?

மார்கழியில் கல்யாணம் கிடையாது. ஆடியிலும் கிடையாது. மற்ற மாதங்களில் ஊரார் வீட்டு மணவறையில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதுதான் என் பிழைப்பு. தாலி கட்டும் நேரத்தில் மண்டபமே அட்சதையோடு எட்டிப் பார்க்கும்; அவர்கள் கண்ணுக்குத் தெரிவது மாப்பிள்ளை அல்ல, நான். மயிலாப்பூர், மாம்பலம், அடையாறு வட்டாரத்தில் என் முகத்தைவிட முதுகைத் தெரிந்து வைத்திருப்பவர்களே அதிகம்.

அந்த இரண்டு மாதங்களிலும், முகூர்த்தம் இல்லாத விடிகாலைகளிலும் எனக்கென்று கொஞ்சம் படம் எடுப்பேன். யாரும் கேட்டு எடுப்பதில்லை. அதனால் யாரும் பாக்கி வைப்பதுமில்லை. மார்கழி பிறந்ததும் ஹார்டு டிஸ்க்கைத் திறந்து வருஷக் கணக்குப் பார்ப்பது வழக்கம். அமெரிக்காவில் யோசமிட்டி மலைகளைப் படமெடுத்துப் பேர் வாங்கிய ஆன்சல் ஆடம்ஸ், வருஷத்துக்குப் பன்னிரண்டு நல்ல படம் தேறினால் அதுவே நல்ல மகசூல் என்று சொன்னதாகச் சொல்வார்கள். அவருக்கென்ன, மலை அசையாமல் நின்றது. நடுவில் வந்து "எந்த டிவிப்பா, எப்போ போடுவா?" என்று கேட்கவும் ஆள் இல்லை.

பன்னிரண்டு என்றதும் என் மனைவிக்குக் காலண்டர் ஞாபகம் வந்துவிட்டது. மாதத்துக்கு ஒன்று போட்டு வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கலாமே என்றாள். ஆகவே தேர்வுக் குழுவில் அவளும் சேர்ந்தாள். கீழ் வீட்டு மாமா கூப்பிடாமலே சேர்ந்தார். மாமா தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுக்க அடுத்தவர் கணக்கில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவர்.

முதலில் பங்குனிப் பெருவிழாவை எடுத்து வைத்தேன். எட்டாம் நாள், அறுபத்து மூவர். கபாலீஸ்வரர் கோவிலின் ராஜகோபுரம் சுமார் 120 அடி. அன்றைக்கு மாட வீதியில் அதற்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் செல்போன்கள் உயர்ந்திருக்கும். மொட்டை மாடிகளில் சொந்தக்காரர்களுக்கே இடம் கிடையாது. நான் தெருவிலேயே நின்று ஒரு தோளை எடுத்தேன். பல்லக்குச் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கி ஒருவரின் வலது தோள். வருஷக் கணக்கில் தண்டு அழுத்தி அழுத்தி எலுமிச்சம்பழ அளவுக்குக் காய்ப்பேறியிருந்தது. அதன்மேல் நாலாக மடித்த துண்டு, துண்டின்மேல் தண்டு. பல்லக்கு நின்ற கொஞ்ச நேரத்தில் யாரோ நீர்மோரை நீட்ட, தண்டை இறக்காமல் கழுத்தை மட்டும் ஒருக்களித்து வாங்கிக் குடித்தார். மோர் தாடையோடு வழிந்து துண்டில் இறங்கிக்கொண்டிருந்தபோது எடுத்த படம் அது.

"சாமி எங்கங்க?" என்றாள் மனைவி.

"மேலே."

"மேலேன்னா?"

"படத்துக்கு வெளியே."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அறுபத்து மூவர்ல அறுபத்து மூணு பேரையும் விட்டுட்டு எடுத்திருக்கான்" என்று ஆட்சேபணையைப் பதிவு செய்தார்.

அடுத்து, லென்ஸ் வாங்கிய செலவு எழுந்தது. அது எழாமல் எங்கள் வீட்டில் எந்தக் கூட்டமும் முடிந்ததில்லை. படமெடுப்பது வீண் செலவு என்று இந்த ஊரில் முதலில் சொன்னது நீ இல்லை என்று சரித்திரத்தைத் துணைக்குக் கூப்பிட்டேன். லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியை 1856-இல் சென்னை மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக நியமித்தார்கள். மனிதர் சாமான்களை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை என்று அலைந்தார். தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளக் கல்வெட்டை மட்டும் 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இன்றைக்கு என் செல்போன் தானாகச் செய்கிற வேலையை அவர் காகித நெகட்டிவில் செய்தார். 1859-இல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெலியன், கஜானா இருக்கிற லட்சணத்தில் இது ஆடம்பரம் என்று கடையை மூடிவிட்டார்.

"நல்ல கவர்னர்" என்றார் மாமா.

தி. நகர் படங்கள் ஆடித் தள்ளுபடியில் எடுத்தவை. ஆடியில் எனக்குத் தொழில் இல்லை, தி. நகருக்கோ அதுதான் தொழில். பாண்டி பஜாரில் 2019-இல் நடைபாதையை அகலப்படுத்தி உட்கார ஆசனங்கள் போட்டார்கள். யாரை மனதில் வைத்துப் போட்டார்களோ, இப்போது அவை பை காக்கும் கணவர்களுக்குப் பாத்தியப்பட்டவை. இரண்டு முழங்காலுக்கு நடுவே நாலு பை, மடியில் ஒன்று, கையில் மனைவியின் கைப்பை. கைப்பையைப் பிடிக்கும் விதத்திலிருந்தே கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று சொல்லிவிடலாம்: புதிதாக ஆனவர் அதைத் தொடாமல் பக்கத்தில் வைத்திருப்பார்; பழகியவர் தோளிலேயே மாட்டிக்கொண்டிருப்பார். ஒருவரிடம் அனுமதி கேட்டபோது, "எடுத்துக்குங்க சார், ஆனா அவ வர்ற மாதிரி இருந்தா சொல்லுங்க" என்றார். எதற்கு என்று கேட்கவில்லை. இந்த வரிசையை மனைவி ரசித்துப் பார்த்தாள். "இதெல்லாம் நீங்களே உங்களை எடுத்துக்கிட்ட மாதிரி இருக்கு" என்றாள்.

எலியட்ஸ் கடற்கரைப் படத்துக்கு மட்டும் எதிர்ப்பு வரவில்லை. அங்கே உள்ள வெள்ளை வளைவு, 1930 டிசம்பரில் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய்த் தானே மூழ்கிப்போன ஷ்மிட் என்ற டென்மார்க்காரரின் நினைவுச் சின்னம். கடலில் உயிரை விட்டவரின் ஞாபகார்த்தத்தில்தான் சென்னை ஜோடிகள் காதலாகிக் கசிந்து பிரீ-வெட்டிங் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் எத்தனையோ பேரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். ஒரு விடிகாலை, வேலை இல்லாமல் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். மூன்று ஜோடி. மூன்று போட்டோகிராபர்கள் மணலில் குப்புறக் கிடக்கிறார்கள். அடுத்த ஜோடி தன் ஃப்ரேமுக்குள் வந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொருவரும் புழுவாய் நெளிகிறார்கள். நடுவில் ஒரு உதவிப் பையன், கவுனின் வாலைக் காற்றில் வீசிவிட்டு, அது கீழே இறங்குவதற்குள் ஓடி ஒளிய வேண்டும். எங்கே ஓடினாலும் இன்னொருவர் ஃப்ரேம். கால் இரண்டும் தரையில் படாமல், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அவன் அந்தரத்தில் நிற்கிற அந்த ஒரு படத்துக்காக அந்த வருஷத்து லென்ஸ் செலவை நான் நியாயப்படுத்துவேன்.

சபா படங்களில் ஒன்றுதான் தேறியது. பாடகர் வாயைத் திறந்திருக்கும்போது எடுக்கக் கூடாது என்பது எழுதாத விதி. வாயை மூடியிருந்தால் அது கச்சேரியே இல்லை. அதனால் பின்னால் தம்புரா போடும் பெண்ணை எடுத்தேன். மேடையில் கைதட்டலே வாங்காமல் கடைசிவரை நிறுத்தாமல் வாசிப்பவர் அவர் ஒருவர்தான். படத்தைக் காட்டியபோது பரவசப்பட்டு, "முன்னாடி இருக்கிற சாரை மட்டும் கட் பண்ணிட்டு அனுப்புங்கண்ணா" என்றார்.

லஸ் பக்கம் எடுத்தவற்றைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. மெட்ரோ இரண்டாம் கட்டம் மொத்தம் 118.9 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி என் படங்களுக்குள்தான் ஓடுகிறது.

எப்படிக் கூட்டினாலும் பதினொன்றுக்கு மேல் நகரவில்லை. லேப்டாப்பை மூடப் போனேன். மாமா எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்ப்பா, எனக்கு ஒரு போட்டோ எடுக்கணும்."

"பாஸ்போர்ட் சைஸா மாமா?"

"ஹிந்துல போடற மாதிரி."

"பேட்டியா?"

"என்னை யார் பேட்டி எடுக்கப் போறா? போயிட்டா போடுவாளே, அது. என் பையன்கிட்ட விட்டா ஆதார் கார்டு படத்தைக் குடுத்துடுவான். அதுல நான் தேடப்படற ஆள் மாதிரி இருக்கேன்."

மறுநாள் காலை குளித்து, விபூதி இட்டு, இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டையில் பின்கட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டார். அங்கே வடக்கு வெளிச்சம் பூவாக விழும். மாமி காபியோடு வந்து நின்றார்.

"இதுலயாவது கொஞ்சம் சிரிங்கோ."

"சிரிச்சா, போனதுல எனக்கே சந்தோஷம்னு நினைச்சுப்பா."

மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, மாமா அவரைத் திரும்பி முறைக்க, நான் அழுத்திவிட்டேன். அதற்கப்புறம் நிறைய எடுத்தோம். ஒன்றில் காது ஒன்றுதான் தெரிகிறது என்றார். ஒன்றில் "இப்பவே போயிட்ட மாதிரி இருக்கேன்" என்றார். கடைசியில் முறைத்த படம்தான் நின்றது. காலண்டரிலும் அதைப் போடலாம் என்றாள் மனைவி. பன்னிரண்டில் மனித முகம் ஒழுங்காகத் தெரிவது அதில்தானாம். மாமாவும் சம்மதித்தார், டிசம்பருக்கு மட்டும் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு.

பொங்கல் கழித்து ஒரு நாள் மாடி ஏறி வந்தார். ஃப்ரேம் போட்ட படம் கையில் இருந்தது.

"நன்னாத்தான் இருக்கு. ஆனா இதுல வயசு கொஞ்சம் ஜாஸ்தியா தெரியறது. அவசரம் ஒண்ணும் இல்லை, அடுத்த வருஷம் இன்னொண்ணு எடுத்துக்கலாம். இதையும் அழிச்சிடாதே, ஃபைல்ல இருக்கட்டும்."