தார்ப்பாய் ஓட்டையும் தார்மீகப் பொறுப்பும்: நட்புச் சேதாரம் குறித்த பூர்வாங்க ஆய்வு

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் நட்டத்துக்கு எப்போதும் ஒரு முகவரி உண்டு. வெளிநாட்டு பையர் பணத்தைப் பிடித்துக்கொண்டால் ஏற்றுமதியாளர் தையல் யூனிட்டுக்கு டெபிட் போடுவார். யூனிட்காரர் டையிங்குக்குப் போடுவார். டையிங்காரர் தனக்குக் கீழே யாராவது தென்படுகிறார்களா என்று பார்ப்பார். எதிர்த்துப் பேசத் தெம்பில்லாதவரிடம் போய் அது நிற்கும். இம்முறை நியாயமானதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தெளிவானது என்பதில் இல்லை. ஆனால் பில்லே போடாமல், நட்புக்காகச் செய்த வேலை கெட்டுப்போனால் டெபிட் யார் பெயரில்? துறை அறிஞர்கள் இதுவரை தொடத் தயங்கிய இக்கேள்வியை இக்கட்டுரை தொடுகிறது.

மாதிரி நிகழ்வு வருமாறு. இது தனி ஒருவரின் கதை அன்று. ஊரின் எந்த பேக்கரியில் உட்கார்ந்தாலும் துணியின் நிறம் மட்டும் மாறிக் கிடைக்கும். பள்ளிக்கூடத்துச் சிநேகிதர் இருவர். ஒருவர் துணிக்காரர், மற்றவர் வண்டிக்காரர். சனிக்கிழமை கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும். புதன் இரவு வீரபாண்டிப் பக்கத்து டையிங்கிலிருந்து அனுப்பர்பாளையத்துக்குத் துணி வந்தாக வேண்டும்.

"மாப்ள, குட்டியானை சும்மா நிக்குதா?"

"இதையெல்லாம் கேக்கோணுமாடா? நானே ஓட்டிட்டு வர்றேன்."

வாடகை பேசவில்லை. டீசலுக்கு நீட்டிய பணத்தை வண்டிக்காரர் தட்டிவிட்டார். (இந்தத் தட்டிவிடலே பிற்பாடு முக்கியச் சான்றாகிறது.) மாதமோ ஐப்பசி. திருப்பூர் மழை மறைவுப் பகுதி. இங்கே தார்ப்பாயில் உள்ள ஓட்டை ஆண்டின் பெரும்பகுதி வெறும் கருதுகோளாகவே இருக்கும். அன்றிரவு அது நிரூபிக்கப்பட்டது. மேலடுக்கில் இருந்த வெளிர் பீச் நிற ரோல்கள் முழுக்க நனைந்து, அழுக்குத் திட்டுகளோடு வந்து இறங்கின.

இதற்கு நேர் முன்னோடி வழக்கு 1703இல் இங்கிலாந்தில் தீர்க்கப்பட்டது. காக்ஸ் என்பவரின் பிராந்திப் பீப்பாய்களை, லண்டனில் ஒரு நிலவறையிலிருந்து இன்னொன்றுக்குக் கூலி வாங்காமல் மாற்றித் தருவதாக பெர்னார்ட் ஒப்புக்கொண்டார். இறக்கி வைக்கும்போது ஒரு பீப்பாய் உடைந்து பிராந்தி தரையில் ஓடியது. தலைமை நீதிபதி ஹோல்ட் முதலானோர் கூடி, கூலி வாங்காவிட்டாலும் கையில் எடுத்த பொருளைக் கவனமாகக் கொண்டுசேர்க்க வேண்டும், பெர்னார்டே பொறுப்பு என்றனர். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமலே இருந்திருந்தால் அவர் மீது வழக்கே நின்றிருக்காது. இந்த நுட்பத்தைத் திருப்பூர் நண்பர்கள் பலர் சட்டம் படிக்காமலே கடைப்பிடிக்கிறார்கள்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. பிரிவு 151இன்படி, பிறர் பொருளைக் கையில் வாங்கியவர், கூலி உண்டோ இல்லையோ, சாதாரண அறிவுள்ள மனிதர் தம் பொருளுக்குக் காட்டும் கவனத்தைக் காட்ட வேண்டும். அப்படியானால் வண்டிக்காரர் மாட்டிக்கொண்டார் என்று அவசரப்படக் கூடாது. வண்டியைத் துணிக்காரரே இரவலாக வாங்கி ஓட்டியிருந்தால் பிரிவு 150 வந்துவிடும். அப்போது இரவல் கொடுத்தவர் தமக்குத் தெரிந்த குறையைச் சொன்னால் போதும். ஓட்டை அவருக்குத் தெரியுமா? போன மழை எப்போது பெய்தது என்று இருவருக்குமே நினைவில்லை. ஆக, ஸ்டியரிங் யார் கையில் இருந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நடுவழியில் பேக்கரியில் நிறுத்தி டீ குடித்தார்கள், அதன்பின் துணிக்காரர்தான் ஓட்டினார். மழை டீக்கு முன்பா பின்பா என்பதில் சாட்சியங்கள் முரண்படுகின்றன.

தமிழ் மரபில் தேடினால் வள்ளுவர் நட்பைப் பற்றி ஐந்து அதிகாரம் எழுதியிருக்கிறார். அதில் 'பழைமை' என்ற 81ஆம் அதிகாரம் முழுக்க, பழைய நண்பர்கள் உரிமையோடு செய்துவிடும் காரியங்களைப் பொறுத்துக்கொள்வது பற்றியது. ஆனால் அங்கே ஷிப்மென்ட் தேதி கிடையாது. திருப்பூர் பற்றிய ஆய்வுகளில் தேடினால், தோட்டங்காட்டிலிருந்து வந்து, பனியன் கம்பெனியில் வேலை பார்த்து, முதலாளிகளான கவுண்டர்களைப் பற்றி ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட ஆங்கில நூலின் தலைப்பே 'சகோதர முதல்' என்ற பொருள் தரும். தார்ப்பாயைப் பற்றி அதில் தனி அத்தியாயம் இல்லாதது ஆய்வுலகுக்குப் பேரிழப்பு.

கள நிலவரத்துக்கு வருவோம். கோர்ட்டுக்கு யாரும் போவதில்லை. முதல் இரண்டு நாள் இருவரும் "உடு மாப்ள, பாத்துக்கலாம்" என்கிறார்கள். மூன்றாம் நாள் மாப்ள மறைந்து "சொல்லுங்க" வருகிறது. இதை நோய்க்குறியாகக் கொள்ளலாம். நனைந்த ரோல்கள் கறுப்புக்குப் போகின்றன. மற்ற நிறங்கள் செய்த பிழைகளையெல்லாம் இந்த ஊரில் கறுப்புதான் ஏற்றுக்கொள்ளும். ஆனால் பீச் துணி புதிதாக வேண்டும். அதற்குள் கன்டெய்னர் போய்விட்டால் சரக்கு விமானத்தில் ஏறும். கப்பல் கூலியைப் போலப் பல மடங்கு. 'ஏர்ல போகுது' என்ற சொல்லைக் கேட்டால் திருப்பூரில் இரத்த அழுத்தம் ஏறாதவர் இல்லை. யாரோ தந்தாக வேண்டும். வண்டிக்காரரிடம் கேட்க வாய் வரவில்லை. நீட்டிய டீசல் காசைத்தான் அவர் தட்டிவிட்டாரே.

இங்கேதான் இவ்வாய்வின் கண்டுபிடிப்பு. டெபிட் போட ஒரு பில் வேண்டும். நண்பர் பில் போடவில்லை. அந்த வாரம் பில் போட்டவர் டையிங்காரர் ஒருவர்தான். ஆகவே வெள்ளிக்கிழமை அவருக்கு போன் போகிறது: "ஏனுங்க, துணி உங்ககிட்ட இருந்து வரும்போதே திட்டுத் திட்டா இருந்துதுங்க." இரு நண்பர்களுக்கு இடையிலான உதவியின் சேதாரத்தை, அந்த உதவியில் பங்கே இல்லாத, ஒழுங்காகக் கணக்கெழுதிய மூன்றாமவர் கட்டுகிறார். ரோமானியச் சட்டத்தையும் ஹோல்ட்டையும் கரைத்துக் குடித்தவர்களுக்கும் இந்தத் தீர்வு தோன்றியதில்லை.

சாயப்பட்டறைக்காரர்கள் பழிக்குப் பழகியவர்கள். நொய்யலைக் கெடுத்ததற்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அந்தப் பழி நியாயமானது. ஆறு இன்னும் சாட்சி சொல்கிறது. பீச் துணியின் பழி அந்த வகையைச் சேர்ந்ததல்ல. எனினும் டையிங்காரர் பெரிதாகச் சண்டை போடுவதில்லை. பாதித் தொகையை ஒப்புக்கொண்டு, அடுத்த லாட்டில் கிலோவுக்குச் சில ரூபாய் ஏற்றிவிடுகிறார். நூல் விலை ஏறும்போதே இதுவும் ஏறினால் யாருக்கும் கண்ணில் படாது. துணிக்காரருக்கு மட்டும் பட்டுவிட்டது. ரேட்டைக் குறைக்கச் சொல்லி யாராவது பேச வேண்டும். டையிங்காரருக்கு வண்டிக்காரர் தூரத்துச் சொந்தம்.

"மாப்ள, ஒரு உதவி" என்று போன் போகிறது.