ஞாயிற்றுக்கிழமை உத்தியோகம்

வயது வந்த தொழிலாளி எவனையும் வாரத்தின் முதல் நாளாகிய ஞாயிற்றுக்கிழமையன்று வேலை வாங்கலாகாது என்றும், வாங்க நேர்ந்தால் அதற்கு முன்னோ பின்னோ உள்ள மூன்று தினங்களில் ஒன்றை முழுநாள் விடுமுறையாக அளித்தாக வேண்டும் என்றும் 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் தன் 52-வது பிரிவில் ஸ்பஷ்டமாக விதித்திருந்தது. அதை இயற்றிய மகானுபாவர்கள், நான்கு வயதுப் பெண்ணைப் பெற்ற தகப்பன்மார்களையும் தொழிலாளர் வர்க்கத்தில் சேர்த்திருந்தால் பெரும் புண்ணியம் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

பள்ளிக்கூடம் உள்ள தினங்களில் கெஞ்சியும், கொஞ்சியும், ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்தும் எழுப்ப வேண்டிய என் சீமந்த புத்திரி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பால் பாக்கெட் வாசலில் விழுவதற்கு முன்பே விழித்துக்கொண்டு, என் இமைகளை இரண்டு விரல்களால் பிரித்து, உள்ளே நான் இருக்கிறேனா என்று பரிசோதிக்கிறாள். அன்று காலை அவள் தாயாருக்கு நித்திரை, எனக்கு உத்தியோகம் என்பது எங்கள் வீட்டில் வெகுநாளாக அமுலில் இருக்கும் உடன்படிக்கை. "அம்மா தூங்குறாங்க, யாரும் சத்தம் போடக்கூடாது!" என்று தெருக்கோடி வரை கேட்கும்படி அவள் பிரகடனம் செய்வதோடு எங்கள் அலுவல் ஆரம்பமாகிறது.

பாலில் மூன்று சொட்டு டிகாக்‌ஷன் விட்டதையே காபியென்று பாவித்து, டபராவில் அதை ஆற்றி ஆற்றிப் பாதியைத் தரைக்கு நைவேத்தியம் செய்துவிட்டு, மீதியை அருந்தியதும், மாம்பலம் ரயில் நிலையத்துக்குப் பிரயாணம். ஐந்து நிமிஷத்தில் நடந்துவிடக்கூடிய தூரந்தான். ஆனால் வழியில் படுத்திருக்கும் நாய்கள் ஒவ்வொன்றிடமும் குசலம் விசாரிக்க வேண்டியிருப்பதால் சற்றுத் தாமதமாகும். பிளாட்பாரம் டிக்கெட் இரண்டு மணி நேரத்துக்குத்தான் செல்லும் என்று விதி வகுத்த ரயில்வே நிர்வாகத்துக்கு நான் வாரந்தோறும் மானசீகமாக நமஸ்காரம் செய்கிறேன். அந்த ஒரு துண்டுச் சீட்டைக் காட்டித்தான் இவளை வீட்டுக்குத் திரும்ப அழைத்து வர முடிகிறது; தகப்பன் வாக்கை மதிக்காத குழந்தைகள்கூட அச்சடித்த காகிதத்துக்கு அடங்கிவிடுகின்றன.

ஞாயிறன்று மின்சார வண்டிகளும் குறைவு. காத்திருக்கும் நேரத்தில் அவள் அறிவை விருத்தி செய்யலாமே என்ற சதுத்தேசத்துடன், கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்ட வரலாற்றையும், அந்நாளில் இது மீட்டர் கேஜ் பாதையாக இருந்ததையும் நான் சாங்கோபாங்கமாக எடுத்துரைத்தேன். கவனமாகக் கேட்டுவிட்டு அவள் கேட்ட கேள்வி ஒன்றே: "அந்த ரயிலுக்கு நீ டாட்டா காட்டினியா?"

அவளுக்கு எஞ்சினும் பொருட்டல்ல, பிரயாணிகளும் பொருட்டல்ல. கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடியோடு நிற்கும் கார்டு ஒருவரே தெய்வம். அவர் இரண்டு முறை மணியை ஒலித்தால்தான் முன்னால் இருக்கும் ஓட்டுநர் வண்டியைக் கிளப்புவார் என்று ஒரு பலவீனமான தருணத்தில் நான் சொல்லிவைத்தேன். அதன் பலன், வீடு திரும்பியதும் அவள் டபராவைக் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டினால் நான் கூடத்திலிருந்து சமையலறை வரை தவழ்ந்து போக வேண்டும். ஓட்டுநர் பதவியையாவது தரக்கூடாதா என்று விண்ணப்பித்துப் பார்த்தேன். அதில் கரடி பொம்மையை ஏற்கெனவே நியமித்தாகிவிட்டதாம். என்னைப் பெட்டியாக மட்டுமே வைத்துக்கொள்ள முடியுமாம்.

மூன்றாவது தடவையாக நான் மாம்பலத்தை விட்டுப் புறப்பட்டுக்கொண்டிருக்கையில், நித்திரை கலைந்த கிருகலட்சுமி பிரசன்னமாகி, "காலையிலேருந்து ரெண்டு பேரும் என்னதான் பண்ணினீங்க?" என்று விசாரித்தாள். முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நான் வாய் திறப்பதற்குள் கார்டு அறிக்கை சமர்ப்பித்துவிட்டார்:

"அப்பாதாம்மா ரயில் பாக்கணும்னு அடம் புடிச்சாரு. நான்தான் டிக்கெட் முடிஞ்சுபோச்சுன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்."