மூன்றாம் கைக்கு வந்த ஜாஸ்

ஸ்விண்டன், இங்கிலாந்து

அன்புள்ள அத்தானுக்கு,

தென்காசி வீட்டு வாசலில் மாலை போட்டு நிற்கும் புது வண்டியின் படம் வந்து சேர்ந்தது. அக்கா அதன் பக்கத்தில் நிற்கிறாளா, அதற்குக் காவல் நிற்கிறாளா என்று படத்தை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் தெரியவில்லை. வண்டி கம்பீரமாக இருக்கிறது. நம் தெருவுக்குள் திரும்புமா என்பது வேறு விஷயம்.

படத்துக்குக் கீழே, "லண்டன்ல நீ என்ன வண்டி வச்சிருக்க மாப்ளே?" என்று கேட்டிருந்தீர்கள். நான் இருப்பது லண்டனுக்கு மேற்கே 80 மைல் தள்ளி. அதை எத்தனை முறை சொன்னாலும் நம்மூரில் யாரும் ஒப்புக்கொள்ளப்போவதில்லை, விடுங்கள். வண்டி விஷயத்துக்கு வருகிறேன்.

என்னிடம் இருப்பது ஹோண்டா ஜாஸ். 1.4 லிட்டர் பெட்ரோல், கையால் போடும் கியர், நாலு மீட்டருக்குச் சற்றே குறைந்த நீளம். எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டியாயிற்று. 2009-ல் நம்மூருக்கும் வந்து, "சின்னக் காருக்கு இவ்வளவு விலையா?" என்று எல்லோரும் எட்டி நின்று பார்த்துவிட்டுப் போனார்களே, அதே ஜாஸ். அதன் வயதை மறைக்கலாம் என்றால் முடியாது. இந்த நாட்டில் நம்பர் பிளேட்டிலேயே பிறந்த வருஷம் எழுதியிருக்கும். மார்ச்சிலிருந்து ஆகஸ்டுக்குள் பதிவானால் வருஷத்தின் கடைசி இரண்டு எண்; செப்டம்பருக்கு மேல் என்றால் அதோடு 50 கூட்டிக்கொள்ள வேண்டும். என்னுடையது 61. அதாவது 2011 செப்டம்பரிலிருந்து அடுத்த பிப்ரவரிக்குள் பதிவானது. ஃபேன்சி நம்பர் வாங்கி மாட்டலாம் என்றாலும், வண்டியை இளமையாகக் காட்டுகிற நம்பர் போடுவது சட்டப்படி குற்றம். மனிதர்கள் தலைக்குச் சாயம் பூசுவதை மட்டும் இன்னும் தடுக்கவில்லை.

வாங்கிய கதையைச் சொல்ல வேண்டும். இங்கே மூன்று வயதான கார் ஒவ்வொன்றும் வருஷா வருஷம் எம்.ஓ.டி. என்ற பரீட்சை எழுதியாக வேண்டும். அந்த மதிப்பெண் பட்டியல் அரசாங்கத்தின் இணையதளத்தில் எல்லோருக்கும் இலவசம். நம்பரைத் தட்டினால் போதும்: எந்த வருஷம் எத்தனை மைல் ஓடியிருந்தது, எதில் ஃபெயில், எதற்கு எச்சரிக்கை, அடுத்த வருஷம் அதைச் சரி செய்தார்களா, எல்லாம் வரிசையாக வரும். நம்மூரில் மாப்பிள்ளை பார்க்கும்போது இப்படி ஒரு வசதி இருந்தால் பாதி மண்டபங்கள் காலியாகக் கிடக்கும். நான் இந்தக் காரின் பட்டியலை ராத்திரி உட்கார்ந்து படித்தேன். ஒரு வருஷம் டயர் தேய்மானம், ஒரு வருஷம் வைப்பர் கிழிசல், ஒரு வருஷம் அடியில் லேசான துரு. அதிகமாகப் போனால் ஜலதோஷம் என்று சொல்கிற அளவுக்குத்தான் சீக்கு.

பழைய கார் வாங்குவதில் காரின் விலை சின்ன விஷயம் அத்தான். பழைய உரிமையாளர் கட்டிய சாலை வரி நமக்கு வராது. வண்டி நிற்கிற இடத்திலேயே நின்று போனில் புதிதாகக் கட்டினால்தான் சாலையில் இறக்கலாம். பதிவுப் புத்தகம் நம் பேருக்கு வரும். ஆனால் இது உடைமைக்குச் சான்று அல்ல என்று அதிலேயே அச்சடித்திருப்பார்கள். பிறகு இன்சூரன்ஸ். நம்மூர் லைசென்ஸை இங்குள்ள லைசென்ஸாக மாற்றித் தரமாட்டார்கள். குடியேறி ஒரு வருஷத்துக்குமேல் ஓட்ட வேண்டுமானால் எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் புதிதாக எழுத வேண்டும். குற்றாலம் சீசன் கூட்டத்தில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே ஓட்டிய அனுபவமெல்லாம் இன்சூரன்ஸ்காரன் கணக்கில் பூஜ்யம். நாற்பது வயதில், நேற்று லைசென்ஸ் வாங்கிய பையன் என்றே என்னைப் பதிவு செய்துகொண்டான். முதல் வருஷப் பிரீமியம் கார் விலையில் பாதிக்குமேல் போயிற்று.

ஆனால் ஜாஸ் வைத்திருப்பவர்களோடு பேசிப் பாருங்கள். விசித்திரமான கூட்டம். பெரும்பாலும் பென்ஷன்காரர்கள். மற்றக் கார்க்காரர்கள் வேகத்தைப் பற்றி, பிக்கப்பைப் பற்றி, தோல் சீட்டைப் பற்றிப் பேசுவார்கள். இவர்கள் பேசுவதெல்லாம் நடக்காத விஷயங்களைப் பற்றித்தான். "எட்டு வருஷமாச்சு, ஒண்ணும் ஆகலை." "எஞ்சினைத் திறந்ததே இல்லை." "நடுரோட்டில் நின்றதே இல்லை." நடக்காததை இவ்வளவு ரசித்துச் சொல்கிற ஆட்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. குறையும் சொல்வார்கள், சும்மா சொல்லக்கூடாது. நெடுஞ்சாலையில் டயர் சத்தம் உள்ளே கேட்கும், மேட்டில் எஞ்சினை விரட்ட வேண்டும், பார்க்க அழகில்லை. இந்தத் தலைமுறை ஜாஸில் முதலில் வந்த ஐ-ஷிஃப்ட் என்ற தானியங்கிக் கியரைப் பற்றிக் கேட்டால் மட்டும் முகம் மாறும். ஹோண்டாவே 2011-ல் அதை விட்டுவிட்டு, பழையபடி சி.வி.டி. வகைத் தானியங்கிக் கியருக்குத் திரும்பியது. கையால் கியர் போடுகிற ஜாஸாகப் பார்த்து வாங்கு என்று எனக்கு உபதேசம் செய்ததும் ஒரு பென்ஷன்காரர்தான்.

அவர் பக்கத்து வீட்டுக்காரர். முழு ஸ்விண்டன்காரர், கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் கார் கொண்டுவந்த அன்று மனிதர் வண்டியின் நிறத்தையோ பிளேட்டையோ பார்க்கவில்லை. நேரே முன்கண்ணாடியின் மூலைக்குக் குனிந்து சேசிஸ் நம்பரைப் படித்தார். அது எஸ் என்ற எழுத்தில் ஆரம்பித்தால் பிரிட்டனில் செய்தது, ஜே என்றால் ஜப்பான். என்னுடையது எஸ். "நம்ம ஊர்ப் பிள்ளை" என்கிற மாதிரி கூரையில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். ஸ்விண்டனில் ஹோண்டா 1992-லிருந்து கார் செய்தது. ஜாஸ் 2009-லிருந்து 2014 வரை இங்கே உருவானது. 2021 ஜூலையில் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்ட இடம். ஊரில் இன்றும் பழைய ஹோண்டாவை யாரும் பழைய கார் என்று இளக்காரமாகப் பேசுவதில்லை.

ஜாஸின் பெருமைகளில் உண்மையானது ஒன்று உண்டு: சீட். பெரும்பாலான கார்களில் பெட்ரோல் டேங்க் பின்சீட்டுக்குக் கீழே இருக்கும். இதில் அதை முன்சீட்டுக்கு அடியில் நகர்த்திவிட்டார்கள். அதனால் பின்சீட்டை சினிமாத் தியேட்டர் நாற்காலிபோல் மேலே மடக்கலாம், அல்லது தரையோடு தரையாகப் படுக்க வைக்கலாம். முன்பக்கத்து இடது சீட்டையும் சாய்த்துவிட்டால் பின்கதவிலிருந்து டாஷ்போர்டு வரை ஏறத்தாழ எட்டடி நீளத்துக்கு இடம். ஜப்பான்காரன் என்ன நினைத்து இதைச் செய்தானோ, பொங்கலுக்குக் கரும்பு கொண்டுவரத்தான் செய்தான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். வெம்ப்ளியில் ஈலிங் ரோட்டில் கரும்பு வாங்கி, தோகையைக்கூட வெட்டாமல் நீட்டி வைத்து, அரிசி மூட்டைகளை இடுக்கில் அடுக்கி, மனைவியைக் கரும்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து வந்தேன். நெடுஞ்சாலையில் முந்திப்போனவர்கள் எல்லோரும் ஒரு நிமிஷம் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். உங்கள் எஸ்.யூ.வி.யில் இது நடக்காது அத்தான். கோபிக்க வேண்டாம், அளந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வெம்ப்ளி என்றதும் இன்னொரு சந்தோஷம். லண்டன் முழுவதும் இப்போது புகை அதிகமாகக் கக்கும் வண்டிகளுக்கு ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு கட்டணம். 2023 ஆகஸ்டிலிருந்து எல்லாப் பகுதிகளுக்கும் விரித்துவிட்டார்கள். பெட்ரோல் கார் ஏறக்குறைய 2006-க்குப் பிறகு வந்ததாக இருந்தால் தப்பித்தது. டீசல் என்றால் பொதுவாக 2015-க்கு மேல் வேண்டும். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் 2013-ல் வந்த பெரிய டீசல் கார் வைத்திருக்கிறார். என் ஜாஸைத் தீப்பெட்டி என்பார். தீப்பெட்டி லண்டனுக்குள் ஓசியில் போகிறது. அவர் ரயிலில் போகிறார்.

மைலேஜ் எவ்வளவு என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் பெட்ரோலை லிட்டரில் ஊற்றுவார்கள், தூரத்தை மைலில் அளப்பார்கள், கணக்கை மட்டும் காலனில் போடுவார்கள். அதுவும் அமெரிக்கக் காலன் இல்லை, நாலரை லிட்டருக்குச் சற்று மேலே போகும் பிரிட்டிஷ் காலன். என் வண்டி காலனுக்கு 45 மைல் தருகிறது. நம் கணக்கில் லிட்டருக்கு 16 கிலோமீட்டர். ஏ.சி. போடுகிற வெயில் இங்கே வருஷத்துக்கு இரண்டு வாரம் என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எம்.ஓ.டி. பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை. எஞ்சின் எப்படி இருக்கிறது, கிளட்ச் தேய்ந்ததா, கியர்பாக்ஸ் முனகுகிறதா என்றெல்லாம் அதில் பார்க்கவே மாட்டார்கள். ஆனால் கண்ணாடி கழுவும் தண்ணீர் பீய்ச்சவில்லை என்றால் ஃபெயில். குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்கச் சாலையெங்கும் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்பு காரின் அடிவயிற்றை அரிக்கிறது. அரித்ததற்கு வருஷா வருஷம் எச்சரிக்கை எழுதிக் கொடுக்கிறார்கள்.

காருக்குப் பெரிய ஆபத்து துருவும் இல்லை, திருடன்தான். காரைத் திருட மாட்டான். அதன் அடியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மட்டும் அறுத்துக்கொண்டு போவான். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். ஜாஸ் அவர்களுக்குப் பிடித்த வண்டிகளில் ஒன்று. ரெடிங்கில் ஒரு நண்பர் காலையில் சாவியைத் திருகியதும், நம் வயல்காட்டு டிராக்டர் சத்தத்தோடு கார் எழுந்ததாம். நான் அடியில் ஓர் இரும்புத் தடுப்பு பூட்டியிருக்கிறேன். கழுத்துச் சங்கிலியை வீட்டுப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, புகைக்குழாயில் பிளாட்டினத்தோடு ஊர் சுற்றுகிற வாழ்க்கை இது.

ஆயுத பூஜையை விடவில்லை. அக்டோபரில் இங்கே கடைகளில் பூசணிக்காய் மலைபோல் குவியும், ஹாலோவீனுக்காக. ஆரஞ்சு நிறம்தான், பரவாயில்லை. சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். "இது எதற்கு?" என்றார். வழியில் வண்டிக்கு ஒன்றும் ஆகாமல் இருக்க என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்சூரன்ஸைவிட மலிவு" என்றார். மறுநாள் தன் காரை நிறுத்தும் இடத்தில் அவரும் இரண்டு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். கேலியா பக்தியா என்று கேட்கவில்லை.

வருகிற கோடையில் அக்காவோடு நீங்கள் வர வேண்டும். வந்தால் உங்களை மேஜிக் ரவுண்டானாவுக்குக் கூட்டிப்போவேன். ஒரே சந்திப்பில் ஐந்து சின்ன ரவுண்டானாக்கள், நடுவே ஆறாவது. 1972-லிருந்து இருக்கிறது. வெளிவட்டத்தில் கடிகாரச் சுற்று, உள்வட்டத்தில் எதிர்ச்சுற்று. வெளியூர்க்காரர்கள் கண்ணீர் விடும் இடம். நம்மூர் பஸ் ஸ்டாண்டு முன்னால் ஓட்டிப் பழகியவர்களுக்கு அது விளையாட்டு மைதானம். ஹாரனைத் தொடாமல் மட்டும் இருக்க வேண்டும், அதுதான் உங்களுக்குச் சிரமம்.

சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் நம்மூர் லைசென்ஸிலேயே 12 மாதம் வரை இங்கே ஓட்டலாம். இன்சூரன்ஸில் மட்டும் உங்கள் பேரைச் சேர்க்க வேண்டும். அதற்கு உங்கள் பிறந்த தேதியும் லைசென்ஸ் எடுத்த வருஷமும் வேண்டும். பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதி, ஜாதகத்தில் உள்ளது வேண்டாம். மறக்காமல் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சினன்