ராஜா இன்னும் பசியாறவில்லை

அக்கா மகன் மலைப்பாம்பு வாங்கி வந்தபோது வீட்டில் யாரும் அலறவில்லை. அம்மா புக்கிட் அசாகான் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். டான் சே யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் நாட்டின் முதல் ரப்பர் தோட்டத்தைப் போட்டார். அடுத்து அசாகானில் காட்டை அழித்தார். காடுதான் அழிந்தது, பாம்பு அங்கேயே இருந்தது. விடியுமுன் தலைவிளக்கோடு நிரைக்குப் போகையில் அம்மா தாண்டிய பாம்புகளுக்குக் கணக்கில்லை. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, எலி பெருகியது, எலியைத் தேடி மேலும் பாம்பு வந்தது.

ஆகவே மலாக்கா பட்டணத்துத் தெரேஸ் வீட்டுக் கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பாம்பு படுத்திருப்பது அவருக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. “லைசென்சு இருக்காடா?” என்று மட்டும் கேட்டார். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் கொடுத்த தாளைக் காட்டினான். “சாமி படத்துக்கு நேரா வைக்காத” என்று சொல்லிவிட்டுச் சமைக்கப் போனார்.

வீட்டை உலுக்கியது பாம்பு வந்ததல்ல, வந்த பாம்பு சாப்பிடாமல் கிடந்ததுதான்.

கேஸ் தோம்பு போட வருகிற ஆளைக்கூட “பசியாறிட்டீங்களா?” என்று கேட்காமல் அனுப்பாத குடும்பம் எங்களுடையது. விருந்தாளி இரண்டாவது தோசை வேண்டாம் என்றால், அவருக்கு எங்கள்மீது ஏதோ மனத்தாங்கல் என்று ராத்திரி முழுக்க ஆராய்வோம். அந்த வீட்டில் ஒரு ஜீவன் முதலில் வாரக்கணக்கில், பிறகு மாதக்கணக்கில் வாயைத் திறக்காமல் சுருண்டு கிடந்தால் யாருக்குத்தான் தூக்கம் வரும்?

இந்தப் பாம்பின் இனம் பால் (ball) பைத்தன். பூர்வீகம் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. ராயல் பைத்தன் என்றும் பெயர் உண்டென்பதால் ராஜா என்று வைத்தோம். பாம்பு வளர்க்கிறவர்களிடையே உண்ணாவிரதத்துக்கு இது பேர்போனது. இடம் மாறினால் சாப்பிடாது. சட்டை உரிக்கும் நாள் நெருங்கிக் கண் நீலம் பூத்தால் சாப்பிடாது. ஆணாக இருந்தால் ஜோடி தேடும் பருவத்தில் சாப்பிடாது. சூடு குறைந்தால் சாப்பிடாது. ஒளிந்துகொள்ள இடமில்லை என்றால் சாப்பிடாது. யாராவது உற்றுப் பார்த்தால் சாப்பிடாது. எங்கள் வீட்டில் மொத்தக் குடும்பமும் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

ராஜாவுக்குச் சாப்பாடு தயாராவதே ஒரு சடங்கு. ஐஸ்பெட்டியில் கெம்போங் மீனுக்குப் பக்கத்தில் உறைந்து கிடக்கும் வெள்ளெலியை முதலில் ராத்திரியே கீழ்த்தட்டுக்கு இறக்க வேண்டும். பிறகு பையோடு வெந்நீரில் போட வேண்டும். பிறகு வாலை நீள இடுக்கியில் பிடித்துக்கொண்டு, தலைப்பக்கத்தை ஹேர் டிரையரால் சுட வைக்க வேண்டும். மலைப்பாம்பின் உதட்டோரம் வரிசையாகக் குழிகள் உண்டு. இரையின் உடம்புச் சூட்டை அவற்றால்தான் அது உணர்கிறது. குளிர்ந்த எலி அதன் கணக்கில் எலியே அல்ல. டிரையர் அக்காவுடையது. இந்த உபயோகம் தெரிந்த நாளிலிருந்து அக்கா தலையை வெயிலில்தான் காயவைக்கிறார்.

இத்தனையும் முடித்து, எலி உயிரோடு இருப்பதாகத் தோன்ற அக்கா மகன் இடுக்கியை ஆட்டுவான். ராஜா மெல்லத் தலையை நீட்டும். நாக்கை இரண்டு தடவை நீட்டி மணம் பிடிக்கும். கூடத்தில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

“ஊட்டுற விதம் சரியில்லடா” என்பார் அம்மா.

உயிருள்ள எலியாக இருந்தால் ஆசை வரும் என்று அவரே யோசனை சொல்லி ஒன்றை வரவழைத்தார். அது ராஜாவின் முதுகில் ஏறி உட்கார்ந்து, சாவகாசமாக முகம் கழுவியது. ராஜா தலையை உள்ளே இழுத்துக்கொண்டு பந்தாகிவிட்டது. அக்கா மகன் பதறிப்போய் எலியை வெளியே எடுத்தான். பசியெடுத்த எலி கூண்டுப் பாம்பைச் சதை தெரியக் கடித்துவிடும். உறைந்த எலி கொடுப்பதே அதற்காகத்தான். ஆட்டுக்குட்டியை விழுங்கிய மலைப்பாம்பைப் பார்த்தவர் அம்மா. அன்றைக்கு ராஜாமீது அவருக்கு இருந்த மரியாதை முழுசாகப் போயிற்று.

“எங்க தோட்டத்துப் பாம்பை யாரு கூப்பிட்டு ஊட்டினா?” என்று ஆரம்பித்தார். லயத்துக் கோழிக்கூண்டில் சின்னச் சந்து கிடைத்தால் போதும், ராத்திரி உள்ளே நுழைந்து கோழியை விழுங்கிவிடும். வயிறு புடைத்தபின் வந்த சந்து வழியே வெளியேற முடியாது. விடிந்ததும் கூண்டிலேயே அகப்படும். பிடித்து இழுத்தால், ஓடுவதற்குத் தோதாக விழுங்கியதைக் கக்கிவிடும். கோழி திரும்பக் கிடைத்ததா என்று கேட்காதீர்கள். கிடைத்தது, குழம்புக்கு ஆகவில்லை. இப்போதெல்லாம் பொதுத் தற்காப்புப் படைக்குப் போன் போட்டால் கொக்கியும் சாக்குமாக வந்துவிடுகிறார்கள்.

அடுத்து வைத்தியம். கோயில் புற்றுக்கு முட்டையும் பாலும் வைப்பதாக அம்மா வேண்டிக்கொண்டார். பாம்புக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, இந்தியாவில் நாகபஞ்சமிக்குப் பாம்பாட்டிகள் நாள்கணக்கில் தாகத்தில் போட்டு வைப்பதால்தான் அது பாலில் வாய் வைக்கிறது என்று பேரன் விளக்கினான். “பெரிய டாக்டரு” என்று பால் வாங்கப் போய்விட்டார்.

அவரைத் தேற்ற அவன் உலக நடப்பையும் சொல்லிப் பார்த்தான். 2006-இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஹூடினி என்கிற 12 அடி பர்மா மலைப்பாம்பு, இரட்டைக் கட்டில் அளவுள்ள மின்சாரப் போர்வையை வயரும் சுவிட்சுமாக விழுங்கியது. அறுவை செய்து எடுத்தார்கள். 2020-இல் சிட்னியில் மாண்ட்டி என்ற வளர்ப்புப் பாம்பு கடற்கரைத் துண்டு ஒன்றை முழுசாக விழுங்கியது. இரையின் வாடையும் சூடும் எதில் ஒட்டியிருந்தாலும் அதுவே இரையாகிவிடுமாம்.

அம்மா பெருமூச்சு விட்டார். “பாத்தியா, ஒழுங்கா வளர்த்தா போர்வையக்கூடச் சாப்பிடுது.”

உண்மையில் ராஜாவுக்கு ஒரு குறையும் இல்லை. மலைப்பாம்பின் உடம்பு, வாடிக்கையாளர் வராத நாளில் அடுப்பை அணைத்துவிடும் சாப்பாட்டுக்கடை. இரை இல்லாதபோது குடல் சுருங்கிவிடும். இரை விழுந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். பர்மா மலைப்பாம்புக்கு இரண்டே நாளில் இதயம் 40 சதவீதம் பெருக்கிறது என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். அக்கா மகன் மாவு நிறுக்கும் தராசில் ராஜாவை வாரம் தவறாமல் நிறுத்தான். எடை குறையவே இல்லை. சர்க்கரைக்காக ராத்திரிச் சோற்றை விட்ட அம்மாவுக்கும் எடை குறையவில்லை. அதற்குப் பிறகு இருவருக்கும் இடையில் ஒரு நெருக்கம் வந்ததை நான் கவனித்தேன்.

மாசி மகத்தன்று செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கு வீடே கிளம்பிப் போனது. போகிற அவசரத்தில் அவன் எலியைப் பெட்டிக்குள் போட்டு, மேலே துணியை மூடி, விளக்கை அணைத்துவிட்டு வந்திருக்கிறான். பார்க்க ஆளில்லை, ஊட்ட ஆளில்லை, குறை சொல்லவும் ஆளில்லை.

திரும்பி வந்து துணியைத் தூக்கினால் எலி இல்லை. ராஜா வாயை அகலத் திறந்து, விரிந்திருந்த தாடையை இடம் வலமாக அசைத்துச் சரிசெய்துகொண்டிருந்தது. அக்கா கைதட்டினார். அம்மா மட்டும் பெட்டியை எட்டிப் பார்த்தார்.

“எத்தன வச்ச?”

“ஒன்னு பாட்டி.”

“ஒத்தையாவாடா வைப்பாங்க?”

ஒரு எலி போதும், அடுத்தது அடுத்த வாரம்தான், மேலே திணித்தால் கக்கிவிடும் என்று அவன் சொல்லச் சொல்ல, அம்மா ஐஸ்பெட்டியைத் திறந்து மீன் பொட்டலங்களை ஒதுக்கிக்கொண்டே, அக்காவிடம் டிரையர் எங்கே என்று கேட்டார்.